அப்பாவோட ஸ்கூட்டர் நம்பர்

மார்ச் 4

அக்கா,

ஃபோன் இருக்கும்போது பேப்பர்ல எழுதறேனேன்னு பயந்துடாத. வீட்ல எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். ஆனா நீ ஃபோன்ல தட்டறதெல்லாம் நம்ம ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர்ல வந்து நிக்குது. குடும்பத்துக்கே ஒரே கணக்கு, ஒரே பாஸ்வேர்டு. அதுவும் அப்பாவோட பழைய ஸ்கூட்டர் நம்பர். மெஷின் ரிப்பேர் அண்ணனுக்குக்கூட அது மனப்பாடம்.

நேத்து அப்பா ‘மாதிரி விண்ணப்பம்’ தேட ‘மா’ன்னு தட்டினார். கீழ வந்தது: ‘மார்புல கட்டி, வலி இல்லைன்னா ஆபத்தா’. நல்லவேளை, அவர் கண்ணாடியைத் துடைச்சிட்டிருந்தார். அழிச்சுட்டேன். உன் குறிப்பும் வந்துச்சு: ‘வெள்ளி ஸ்கேன். அம்மாவுக்குத் தெரியக் கூடாது.’ என்னக்கா ஆச்சு உனக்கு?

முதல்ல தனிக் கணக்கு ஆரம்பி. தேடினதை எழுதி வச்சுக்காத தேடல் ஆப் இருக்கு, அதுல தேடு. குறிப்பு ஆப்னா, செஞ்சவனாலயே படிக்க முடியாதபடி பூட்டறதா எடு. குறிப்பு எழுத உன் ஃபோன்ல இருக்கற நம்பரெல்லாம் எதுக்குக் கேக்கறான்? கேட்டா தூக்கிப் போடு. பாஸ்வேர்டெல்லாம் ஒரு பெட்டக ஆப்ல போட்டு, அதுக்கு மட்டும் நீளமா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ. ஸ்கூட்டர் நம்பர் வச்சே, கொன்னுடுவேன்.

பதிலை நம்ம கடைக்கு எதிர்ல இருக்கற சலூன் விலாசத்துக்குப் போடு. சலூன் அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்.

காலேஜை விட்டாலும் உன்னை விடாத
தங்கச்சி

மார்ச் 10

அடி வாலு,

முதல்ல உன்மேல கோவம்தான் வந்துச்சு. டாக்டருக்கு முன்னாடி கடைக் கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சிருக்கேன்னு ஹாஸ்டல் மாடிப்படியில உக்காந்து அழுதேன். அப்பறம் நீ சொன்னதெல்லாம் பண்ணேன். ஒரு குறிப்பு ஆப் நான் எங்க இருக்கேன்னு கேட்டுச்சு. வெளிய போன்னேன். இன்னொண்ணு, பாஸ்வேர்டு மறந்தா அவங்களே திறந்து தருவாங்களாம். அப்போ அவங்களால திறக்க முடியும்தானே? மூணாவதுல மறந்தா அவ்வளவுதான், அவங்களாலயும் திறக்க முடியாதாம். அதை எடுத்தேன்.

ஸ்கேன் முடிஞ்சு, ஊசியால கொஞ்சம் எடுத்திருக்காங்க. ரிசல்ட் வரலை. அம்மாகிட்ட வாயைத் திறந்தே, இருக்கு உனக்கு.

அக்கா

மார்ச் 14

அக்கா,

வாயைத் திறக்கலை. “பெரியவ ஏன்டி ஃபோன்ல கம்முனு இருக்கா?”ன்னு அம்மா கேட்டாங்க. வேலைன்னேன். எனக்குப் பொய் எவ்வளவு நல்லா வரும்னு உனக்கே தெரியும். எல்லாத்தையும் பூட்டினது சரி, ரிசல்ட்டை என்கிட்டேருந்து பூட்டி வச்சுடாத. தினமும் ரெண்டு தடவை சலூனுக்குப் போய்ப் பாக்கறேன்.

தங்கச்சி

மார்ச் 19

வாலு,

ஒண்ணுமில்லடி! சாதாரண நார்க்கட்டியாம். “அது பாட்டுக்கு இருக்கட்டும், ஆறு மாசம் கழிச்சு வாங்க”ன்னாங்க டாக்டர். வெளிய வந்து ஒரு ஜூஸ் குடிச்சேன். பத்தலை, இன்னொண்ணு குடிச்சேன்.

அம்மாவுக்கு நானே ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேன். திட்டினாங்க, அழுதாங்க, மறுபடியும் திட்டினாங்க. என் வாயால சொன்னேனே, அது போதும்.

எனக்கு ஏதாவது ஆனா யார் திறக்கலாம்னு பெட்டக ஆப் ஒரு ஆளைக் கேக்குது. உன்னைப் போட்டிருக்கேன். இந்தத் தடவை நானா குடுக்கறேன்.

அக்கா

மார்ச் 23

அக்கா,

நீ ஃபோன் பண்ணினதை அம்மா என்கிட்ட மூச்சே விடலை. கடிதத்தை சலூன்லயே பிரிச்சுக் கத்திட்டேன். ஷேவிங்ல இருந்த ஆள் கன்னம் தப்பிச்சது பெரிய விஷயம்.

உன் பெட்டகச் சாவி கிடைச்சுது. தொட மாட்டேன். நேத்து அப்பா மறுபடி ‘மா’ன்னு தட்டினார். மாதிரி விண்ணப்பம் மட்டும்தான் வந்துச்சு.

அம்மா தனக்கும் தனிக் கணக்கு வேணும்னாங்க. எதுக்குன்னு கேட்டேன். “உனக்கெதுக்குடி?”ன்னாங்க. ஆரம்பிச்சுக் குடுத்துட்டேன். பாஸ்வேர்டு அடிக்கும்போது அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டேன்.

தங்கச்சி