வாயை மூடிய நான்காம் பெட்டி

அக்டோபர் 14, செவ்வாய்

காலையிலிருந்தே தூறல். குடை அலுவலகத்தில், நான் திருவேற்காட்டு வீட்டில். வாங்க வேண்டியது: து.பருப்பு, வெல்லம், தீபாவளிக்கு நெய்.

திருமழிசைத் தொழிற்பேட்டை மின்பாதையில் எட்டுக் கம்பங்களில் எட்டுப் பெட்டி மாட்டி முடித்தாயிற்று. ஒவ்வொன்றிலும் ஒரு சிம் கார்டு. லைனில் எங்காவது பழுது என்றால், அதற்கு முன்னால், மின்சாரம் வரும் பக்கத்தில் உள்ள பெட்டிகள் எல்லாம் என் போனுக்குச் செய்தி அனுப்பும். தாண்டி உள்ளவை சும்மா இருக்கும். கடைசியாகப் பேசியதற்கும் முதலில் வாயை மூடியதற்கும் நடுவில் பார்த்தால் போதும். அடம்பிடித்துக் கேட்டு வாங்கியது உதவிப் பொறியாளர் (ஏஇ) நான். மாட்டியது லைன்மேன் ஏகாம்பரம், முனகிக்கொண்டே.

இருபத்தெட்டு வருஷமாக இந்த லைன் அவர் பொறுப்பு. கரண்ட் போனால் முதல் கம்பத்திலிருந்து அண்ணாந்து பார்த்தபடியே நடை. இடது முட்டி வீங்கியிருக்கிறது.

செயற்பொறியாளர் போனில்: "வெள்ளிக்கிழமைக்குள்ள ஒழுங்கா வேலை செய்யலைன்னா கழட்டி வேற டிவிஷனுக்கு அனுப்பிடுவேம்மா."

அனுப்பித்தான் பார்க்கட்டுமே.

அக்டோபர் 15, புதன்

எழுதவே பிடிக்கவில்லை.

11.15, கொட்டும் மழையில் லைன் ட்ரிப் ஆகி கரண்ட் போயிற்று. 1, 2, 3 செய்தி அனுப்பின. 4 கப்சிப். பெட்டி இடத்தைக் காட்டிவிட்டது என்று குதித்தேன். ஏகாம்பரத்தை 3-க்கும் 4-க்கும் நடுவே அனுப்பினேன். வயல் வழி, முழங்கால் சேறு. ஒன்றரை மணி நேரம் தேடியும் ஒன்றும் இல்லை. ஆறு முறை கூப்பிட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே. கடைசியில் 6-ஐயும் தாண்டி ஒரு பீங்கான் இன்சுலேட்டர் உடைந்து கிடந்தது.

நொண்டிக்கொண்டு வந்தார். டீக்கடை வாசலில் எல்லோர் காதிலும் விழும்படி: "ஏஇ பொண்ணு பொட்டிய நம்பிகினு போனேன் பாரு, என்னச் சொல்லணும். என் காலு சொல்லும் ஃபால்ட்டு எங்கனு. பொட்டி இன்னா சொல்றது?"

"போனை ஏன்ணே எடுக்கலை?"

"நனையும்னு டூல்ஸ் பொட்டில போட்டேன். இரும்புப் பொட்டி, மூடுனா டவர் எட்காது. மேடத்துக்குத் தெரியாதா?"

தெரியாதா! முதல் நாள் மாட்டிய மூன்று பெட்டிக்கும் ஆன்டெனா வெளியே. கறுப்பு வயரைச் செம்பு என்று எவனாவது அறுத்துவிடுவானோ என்று பயந்து, மறுநாள் 4 முதல் 8 வரை உள்ளே சுருட்டி வைக்கச் சொன்னது சாட்சாத் நானேதான். இரும்புப் பெட்டிக்குள்! 4, 5, 6 பேசியிருந்தாலும் செய்தி வெளியே வந்திருக்காது. படித்த முட்டாள். அந்த முட்டியை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

மழை விட்டது. முதல் வேலையாக அவரிடம்: "தப்பு என்னோடதுண்ணே." அவர்: "சரி, ஏணியத் தூக்கச் சொல்லுங்க."

- பிளாஸ்டிக் குழாய், 5 துண்டு (ஆன்டெனா வெளியே, குழாய்க்குள், கம்பத்தின் பின்பக்கம்)
- டேப்
- முட்டிக்குத் தைலம் (அவர் மேஜையில் வைத்துவிட்டு ஓடிவந்தேன்)

இன்னொன்று. இனி தினமும் காலை ஏழுக்கு ஒவ்வொரு பெட்டியும் 'இருக்கிறேன்' என்று ஒரு செய்தி அனுப்பும்படி செய்துவிட்டேன். அப்படிச் சொல்லாத பெட்டியின் மௌனத்தை நம்புவதாக இல்லை.

ஏகாம்பரம் சிரித்தார். "எம்புள்ள கூட இப்டி போன் பண்ண மாட்டான்."

"உங்க நம்பருக்கும் வரட்டுமாண்ணே?"

"ஆள வுடுங்க மேடம்."

அக்டோபர் 17, வெள்ளி

காலை 7.00. எட்டும் வந்தன. எட்டும்! மறுபடி எண்ணினேன். "லாட்டரி விழுந்துச்சா?" என்றார் வீட்டுக்காரர்.

மதியம் 2.40, பேய்க்காற்று. ட்ரிப். 1, 2, 3, 4, 5. பிறகு அமைதி. 6 காலையில் 'இருக்கிறேன்' என்றதை ஒருமுறை திறந்து பார்த்துக்கொண்டேன்.

"5-க்கும் 6-க்கும் நடுவிலண்ணே."

"இந்தத் தபா சத்தியமா?"

"சத்தியமா."

வண்டியை எடுத்தார். ஏழு நிமிஷம் கழித்துப் போன்: "வேப்பங்கிளை. லைன் மேல படுத்துகினு கீது மேடம்!" லைனை நிறுத்தி உறுதி செய்து, கிளையை அறுத்து, 3.05-க்கு சப்ளை கொடுத்தாயிற்று. தொழிற்பேட்டை வார்ப்பட ஆலைக்காரர் ஒருவர் புகார் சொல்ல அழைத்து, பாதியில், "இருங்க, வந்துடுச்சு." டொக். நன்றியெல்லாம் கிடையாது. செயற்பொறியாளர்: "பெட்டி இருக்கட்டும்மா."

பெருமையாக இருக்கிறது. யார் படிக்கப் போகிறார்கள், எழுதிவிடுகிறேன்: ரொம்பப் பெருமை.

ஐந்து மணி, டீக்கடை. பக்கத்து செக்‌ஷன் லைன்மேன்: "இன்னா மாமே, அதுக்குள்ள வந்துட்ட? லைன் நடக்கலியா?"

ஏகாம்பரம், அதே வாசலில், அதே சத்தத்தில்: "இன்னாத்துக்கு நடக்கணும்? எங்க மேடம் பொட்டி வெச்சிருக்காங்கல்ல."

என் பக்கம் திரும்பவே இல்லை. டம்ளரை வைத்துவிட்டு வந்தார். "காலைல வர்ற மெசேஜு, என் நம்பரையும் போட்ருங்க."

"ஆள வுடுங்கன்னீங்களே?"

"எட்டும் கீதானு நானும் பாக்கணும்ல?"