நல்ல சேதி மட்டும் வரும் கம்ப்யூட்டர்

ஆடி 6, திங்கள்

காலையில் தூறல். வெளியே அடுக்கிய அட்டைப்பெட்டிகளில் பாதி நனைந்தது. மிச்சத்துக்குத் தார்ப்பாய். முட்டி வலி.

பதினோரு மணிக்கு பேக்கிங் ஷெட் போனில் புதுச்சேரிக்காரர். எங்களிடம் பீங்கான் பியூஸ் கட்டை வாங்குகிறவர்களில் பெரிய கை. "மூணு மெயிலு போட்டேம்மா. உங்க முதலாளி ஒண்ணுக்கும் பதில் போடல. சனிக்கிழமைக்குள்ள பதில் வரலன்னா நான் வேற எடம் பாத்துக்கறேன்." அவர் போனால் பேக்கிங்கில் இருக்கும் ஒன்பது பெண்களும் வீட்டில்தான். என்னையும் சேர்த்து.

முதலாளியிடம் ஓடினேன். "எல்லா மெயிலும் வந்துக்கிட்டுதான இருக்குது ராணி?" என்றார். வருகிறதுதான். ஆபீஸ் பெண் செல்வி தினமும் படித்துக் காட்டுகிறாள். வாழ்த்து, விலை விசாரிப்பு, "சாமான் அருமை". மூன்று மாதமாகப் புகாரே கிடையாது. பீங்கான் தொழிலில்! அதையும் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் மனிதர்.

செவ்வாய்

சேகர் வந்தார். முதலாளியின் மச்சான். நம் மெயில் சர்வரைப் போட்டுக் கொடுத்த மேதை. இன்று அவர் பார்த்த வேலை:
சர்வர் பெட்டியை அணைத்துத் திரும்பப் போட்டார்.
டீ.
மறுபடி அணைத்துப் போட்டார்.
வடை.

"சர்வர்ல ஒண்ணுமே இல்லக்கா. அந்தாளு அட்ரஸ தப்பா அடிக்கறாரு."

"ஏன் தம்பி, வெல கேட்டு போட்டாரே, அது மட்டும் வந்துச்சே. அன்னிக்கி மட்டும் அட்ரஸு ஞாபகம் இருந்துச்சா அவருக்கு?"

"அது டெக்னிக்கல். உங்களுக்குப் புரியாது."

புரியாதுதான். படிப்பு அஞ்சாவதோடு சரி. வடை எண்ணத் தெரியும். நாலு.

புதன்

நல்ல வெயில். மதியச் சாப்பாட்டு நேரத்தில் புதுச்சேரிக்காரரைப் போனில் பிடித்தேன். அவர் அங்கிருந்து ஒவ்வொன்றாக அனுப்ப, செல்வி இங்கே பார்த்துச் சொல்ல.

"சௌக்கியமா" என்று ஒன்று. வந்தது.
பழைய புகாரை முழுசாக. வரவில்லை. ஏதோ இங்கிலீஷில் திட்டி அவருக்கே திரும்பிப் போனதாம். முன்னே போட்ட மூன்றுக்கும் இப்படி வந்ததை விளம்பரம் என்று விட்டுவிட்டாராம்.
புகாரின் முதல் வரி மட்டும். வந்தது. இரண்டாவது வரி. வந்தது. மூன்றாவது நின்றது. "பெட்டியைப் பிரித்தால் எல்லாவற்றிலும் விரிசல்" என்ற வரி.
"சார், விரிசல்னு மட்டும் போடுங்க." வரவில்லை.
"ஒடசல்னு போடுங்க." அதுவும் இல்லை.

செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் வெளிச்சமாகிவிட்டது. சூளை எரியும்போது அந்த இரண்டு வார்த்தையையும் இங்கே யாரும் வாயால் சொல்வதில்லை. உள்ளே இருக்கிற சாமானுக்கு ஆகாது என்பார்கள். கண்ணில் பட்டால் உச்சுக் கொட்டி, விரலால் காட்டுவதோடு சரி.

குழம்பு ஆறிவிட்டது. அப்படியே சாப்பிட்டேன்.

வியாழன்

சேகரை முதலாளி முன்னால் நிறுத்திக் கேட்டேன். வாயைத் திறந்தார்.

"மாமாதான் சொன்னாரு. சூள எரியறப்ப அந்த வார்த்தைங்க ஆபீஸுக்குள்ள வரக்கூடாதுன்னு. அதான் சர்வர்லயே தடுத்துட்டேன். அப்புறம் எடுக்க மறந்துட்டேன்."

"எப்போ தம்பி?"

"சித்திரையில. இங்கிலீஷ்லயும் சேத்துதான் தடுத்தேன்க்கா." இதில் பெருமை வேறு.

முதலாளி மெல்ல, "ஆனா அந்தச் சூள நல்லாத்தான வந்துச்சு?" என்றார். இவரும் ஒரு முதலாளி.

"ஏங்க மொதலாளி, நம்ம சூளைக்கு இங்கிலீஷு தெரியும்னு எங்ககிட்ட சொல்லவே இல்லியே? தெரிஞ்சிருந்தா படிக்க இங்கிலீஷு பேப்பரு வாங்கிப் போட்டிருப்போமே."

செல்வி டீயைக் கொட்டிவிட்டாள். ஒரு வாரத்துக்கு இது போதும் எனக்கு.

வெள்ளி

தடை எடுத்தாயிற்று. புதுச்சேரிக்காரர் மூன்று மெயிலையும் திரும்ப அனுப்பினார், போட்டோக்களோடு. எல்லாம் வந்தன.

முதலாளி பார்த்தவுடனே சூளைக்காரர் கலியன் மேல் பாய்ந்தார். "வேக்காடு பத்தலடா!" கலியன் தலையைக் குனிந்து நின்றார்.

செல்வி போட்டோவைப் பெரிதாக்கினாள். பிரித்த பெட்டி. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரே ஒரு தாள். இரண்டு வைக்க வேண்டும். பக்கத்தில் அறுத்துப் போட்ட சணல், இரட்டைச் சுருக்கு முடிச்சோடு. ஷெட்டில் அப்படி முடிச்சுப் போடுவது ஒருத்திதான்.

சித்திரையில் லாரிக்காரன் வந்து நின்றுகொண்டு ஹாரன் அடித்தான். அவசரத்தில் ஒரு தாளோடு விட்டேன். அன்று முழுக்க.

"கலியன விடுங்க மொதலாளி. அது நான் கட்டுனது."

சொல்லிவிட்டு ஷெட்டுக்கு வந்துவிட்டேன். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

சனி

முதலாளி பதில் போடவில்லை. என்னையே பேசச் சொன்னார். போனில் உள்ளதைச் சொன்னேன். புதுச்சேரிக்காரர் முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார், "ஆர்டரு இருக்கும்மா. ஆனா அடுத்த லோட நீயே கட்டி, நீயே லாரில கூட வந்து, என் கண்ணு முன்னாடி பிரிச்சுக் காட்டணும்."

ஒன்பது பேருக்கும் வேலை உண்டு. எனக்கு மட்டும் லாரி. இந்த முட்டியை வைத்துக்கொண்டு புதுச்சேரி வரைக்கும்.

சேகர் வாசலில் வடையோடு நின்றிருந்தார். "ரோடு மோசம்க்கா. நீங்க உக்கார ஒரு தாளு பத்தாது. ரெண்டா போட்டுக்குங்க."

செல்வி சிரித்தாள். கலியன்கூடச் சிரித்தார். கழுதை, நன்றாகத்தான் சொல்கிறது.