எழுபத்தெட்டு ஆட்டங்களைத் தோல்வி என்று எழுதிய புகாரைத் திரும்பப் பெறக் கோரி

அனுப்புநர்
புகார் எண் 317-ஐக் கொடுத்தவர்,
பத்தாம் வகுப்பு மாணவி.
(முகவரி தங்கள் கோப்பில் இருக்கிறது. தயவுசெய்து அந்த முகவரிக்கு யாரையும் அனுப்ப வேண்டாம்.)

பெறுநர்
உயர்திரு ஒழுங்குமுறை அலுவலர் அவர்கள்,
இணையவழிப் பண விளையாட்டுத் தடுப்புப் பிரிவு.

பொருள்: என் தந்தையைப் பற்றி நான் எழுதிய தவறான புகாரைத் திரும்பப் பெறுதல், அவருக்குத் தடையின்மைச் சான்று வழங்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. பள்ளி வழியாகத் தங்களுக்கு வந்த என் கடிதம் (புகார் எண் 317).
2. என் தந்தையின் விண்ணப்பத்தை நிராகரித்துத் தாங்கள் அனுப்பிய கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தந்தை பதினோரு ஆண்டுகளாகப் போக்கர் என்னும் சீட்டாட்டத்தை இணையத்தில் ஆடி, அந்த வருமானத்தில் எங்களைக் காப்பாற்றி வந்தவர். என் தாய் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பாளர். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். இப்போது தாய் பக்கத்து அறையில் தூங்குகிறார், தந்தை இரவு வேலைக்குப் போயிருக்கிறார். இந்த மனுவை எழுதுவது இருவருக்கும் தெரியாது. மேசை விளக்கைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்து எழுதுவதால் வரிகள் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2. இணையவழிப் பண விளையாட்டைத் தடை செய்யும் சட்டம் வருவதற்கு முன்பு, சென்ற ஆண்டு, எங்கள் பள்ளியில் கடிதப் போட்டி ஒன்று நடந்தது. சமூகத்தைக் கெடுக்கும் ஒரு தீமையைத் தடுக்கக் கோரி அதிகாரிக்குக் கடிதம் எழுத வேண்டும். “ஊர்க்கதை எல்லாம் வேண்டாம். உங்க வீட்ல நடந்ததா இருக்கணும், படிச்சா மனசு உருகணும்” என்று வகுப்பில் சொன்னார்கள். அந்த வாரம்தான் என் பெஞ்சில் இருந்தவள் என்னிடம், “உங்கப்பா சீட்டாடறவராமே? அப்போ உங்க வீட்ல ஃபீஸ் கட்டறது ராஜாவா, ராணியா?” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பள்ளிப் படிவங்களில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் நான் எப்போதும் “கணினி வேலை” என்றுதான் எழுதி வந்தேன். அந்தக் கடிதத்தில்தான் முதல்முறையாக உண்மையை எழுதப் போவதாக நினைத்தேன். ஆனால் நான் எழுதியது உண்மை அல்ல என்பதைக் கீழே தெரிவிக்கிறேன்.

3. தேர்வு விடுமுறையில் ஒரு பிற்பகல், தந்தையின் முதுகுக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து அவர் ஆடுவதைப் பார்த்தேன். திரையில் நான்கு மேசைகள். ஒவ்வொரு ஆட்டத்திலும் அவருக்கு இரண்டு சீட்டுகள் வரும். பெரும்பாலும் அவர் ஒரு பொத்தானை அழுத்துவார், சீட்டுகள் சாம்பல் நிறமாகி நகர்ந்து மறையும். வேறு யாரோ நடுவில் இருக்கும் பணத்தை எடுத்துக்கொள்வார்கள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு எண்ணினேன். நூறு ஆட்டத்தில் எழுபத்தெட்டு முறை அவருடைய சீட்டு அப்படி மறைந்தது. “என் தந்தை நூறு ஆட்டத்தில் எழுபத்தெட்டில் தோற்பவர்” என்று கடிதத்தில் எழுதினேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

4. அதே கடிதத்தில், என் தாய் ஒவ்வொரு இரவும் கண்ணாடி முன்னால் நின்று கண்ணீர் விடுவதாகவும் எழுதியிருந்தேன். அவருக்குக் கண் வறட்சி இருக்கிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தைத் தினமும் படுக்கும் முன் விட்டுக்கொள்வார். பாதி கண்ணுக்குள் போகும், பாதி கன்னத்தில் வழியும். அது எனக்கு அப்போதே தெரியும். முந்தைய பத்தியில் உள்ளது அறியாமல் செய்த தவறு. இது அறிந்தே எழுதிய பொய். இரண்டையும் ஒன்றாகக் கருத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

5. அந்தக் கடிதத்துக்கு முதல் பரிசாக ஒரு சுவர்க்கடிகாரம் கிடைத்தது. கடிதப் போட்டியில் பரிசு என்று மட்டும் வீட்டில் சொன்னேன். எதைப் பற்றிய கடிதம் என்று தந்தை கேட்டபோது, “பொதுவா, சமூகத்தப் பத்திப்பா” என்றேன். அவரே நாற்காலி மேல் ஏறி, தன் திரைக்கு நேர் மேலே ஆணி அடித்து அதை மாட்டினார். “இனிமே என் இடைவேளையெல்லாம் உன் கடிகாரப்படிதான் கண்ணு” என்றார். இப்போதும் அதற்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

6. சட்டம் எட்டு மாதங்களுக்கு முன்பு நடைமுறைக்கு வந்தது. சட்டமே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. கீழ்வீட்டு அண்ணன் வண்டி ஓட்டிச் சம்பாதித்ததை எல்லாம் கைப்பேசியில் விட்டுக்கொண்டிருந்தவர். இப்போது சாயங்காலம் தன் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு தெருமுனை வரை நடக்கிறார். அதைப் பார்க்கும்போது தாங்கள் செய்தது நல்லது என்றே தோன்றுகிறது. ஆனால் அதே சட்டம் எங்கள் வீட்டுக்கு வேறு மாதிரி வந்தது. ஒரு காலை தந்தை திரையைத் திறந்தபோது நான்கு மேசைகளும் இல்லை, ஓர் அறிவிப்பு மட்டும் இருந்தது. அன்று மத்தியானம் அவருக்கு ஆதரவு கொடுத்து வந்த நிறுவனத்திடமிருந்து இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. ஒப்பந்தம் இன்றோடு முடிந்தது என்பது ஒரு வரி. நன்றி என்பது மற்றொரு வரி.

7. அந்த ஆதரவு எங்களுக்கு என்னவாக இருந்தது என்பதைத் தாங்கள் அறிய வேண்டுகிறேன். ஆட்டத்தில் வரும் பணம் ஒரு மாதம் ஏறும், இரண்டு மாதம் இறங்கும். தந்தை அதற்குப் பழகியவர். நிறுவனம் மாதா மாதம் தந்த தொகைதான் வீட்டு வாடகையாகவும் என் பள்ளிக் கட்டணமாகவும் இருந்தது. வெளிநாட்டுப் போட்டிகளுக்கு நுழைவுக் கட்டணமும் பயணச் செலவும் அவர்களே கொடுத்தார்கள். அதற்குப் பதிலாகத் தந்தை அவர்களுடைய சின்னம் போட்ட தொப்பியை அணிய வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தொப்பியை வேறு யாரையும் துவைக்க விடமாட்டார். “சட்டை கசங்கினா என் மானம்தான் போகும். தொப்பி கசங்கினா சம்பளமே போயிடும்” என்பார். தொப்பியைத் திருப்பித் தர வேண்டுமா என்று அந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதிக் கேட்டார். பதில் வரவில்லை. இப்போது பொட்டலங்களைப் பிரித்து அடுக்கும் கிடங்கில் இரவு வேலை செய்கிறார். தலையில் தூசி படாமல் இருக்க அதே தொப்பியைத்தான் போட்டுப் போகிறார், ஆனால் உள்பக்கத்தை வெளியே திருப்பி. அந்தச் சின்னத்தைக் காட்டினால்கூட விளம்பரம் என்று சட்டத்தில் இருக்கிறதாம். ஒரு நாளும் அவர் அதை மீறியதில்லை.

8. சென்ற மாதம், காதொலிக் கருவி (ஹெட்போன்) தயாரிக்கும் ஒரு நிறுவனம் தந்தையை அழைத்தது. சட்டம் அனுமதிக்கும் வெளிநாட்டு நேரடிப் போட்டிகளில் அவர் வர்ணனையாளராக இருக்க வேண்டும், ஆடத் தேவையில்லை. அதற்குத் தங்கள் அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும் என்றார்கள். விண்ணப்பித்தார். அன்றிலிருந்து குளியலறையில் வர்ணனை செய்து பழகினார். “அஞ்சாவது இருக்கைக்காரர் யோசிக்கிறார், வியர்க்கிறார், தண்ணி குடிக்கிறார்” என்று உள்ளேயிருந்து குரல் வரும். “மொதல்ல சோப்ப எடுத்த எடத்துல வைங்க அஞ்சாவது இருக்கைக்காரரே, எனக்கு நேரமாச்சு” என்று தாய் கதவைத் தட்டுவார். எட்டு மாதங்களில் எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அந்த மூன்று வாரம்தான்.

9. போன வாரம் செவ்வாய்க்கிழமை தங்கள் கடிதம் வந்தது. குடும்ப உறுப்பினரின் புகார் நிலுவையில் இருப்பதால் சான்று வழங்க இயலாது என்றும், புகார் கொடுத்தவரின் பெயரை வெளியிட இயலாது என்றும் இருந்தது. புகாரின் ஒரு வரி மட்டும் மேற்கோளாகக் கொடுக்கப்பட்டிருந்தது. தந்தை அதைச் சாப்பாட்டு மேசையில் சத்தமாகப் படித்தார். “நூறு ஆட்டத்தில் எழுபத்தெட்டில் தோற்பவர்.” கடிதத்தை மடித்து வைத்தார். பிறகு, “எந்தப் புண்ணியவான் உக்காந்து எண்ணினாரோ, எண்ணிக்கை மட்டும் தப்பே இல்ல” என்றார். தாய் ஒன்றும் புரியாமல் பார்த்தபோது விளக்கினார். “இது தோத்தது இல்ல. நான் விலகினது. சீட்டு சரியில்லன்னா காசு போடாம கீழ வெச்சிடறது. நூத்துல எழுபத்தெட்டு தடவ கைய கட்டிட்டு சும்மா இருக்கறதுதான் என் வேல. அது முடியாதவன்தான் தெருவுக்கு வர்றான்.” என் கையில் தண்ணீர்க் குவளை இருந்தது. அதைக் கீழே வைக்க எனக்குப் பயமாக இருந்தது, சத்தம் கேட்கும் என்று.

10. அதன் பிறகு நடந்தவற்றுக்கு நான் மட்டுமே பொறுப்பு. தந்தை தாயிடம், “நீயா குடுத்த?” என்று கேட்டார். “குடுக்கறதா இருந்தா உங்க மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுதான் குடுத்திருப்பேன்” என்று தாய் சொன்னார். அன்றிலிருந்து அவர்களுக்குள் பேச்சு குறைந்துவிட்டது. பிறகு சந்தேகம் என் மாமா மேல் போனது. கால் முறிந்தபோது இரண்டு வாரம் எங்கள் வீட்டில் இருந்து, தந்தையின் பின்னால் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவர் அவர். தந்தை அவரைத் தொலைபேசியில் கேட்டார். மாமா அன்று சாயங்காலமே நேரில் வந்து வாசலில் நின்றார். “புகார் குடுக்கணும்னா இவ்ளோ நாள் காத்திருப்பேனா மாப்ளே? உங்க கல்யாணத்தன்னிக்கே மேடையில ஏறி குடுத்திருப்பேன்” என்றார். வழக்கமாக இதற்குத் தந்தை சிரிப்பார். அன்று, “போயிட்டு வாங்க மச்சான்” என்று மட்டும் சொன்னார். மாமா வாங்கி வந்த பழப்பை ராத்திரி வரை செருப்புகளுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. மாமா அன்றிலிருந்து வரவில்லை.

11. எதிரில் இருப்பவர் உண்மை சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பதுதான் தந்தையின் தொழில். கூட ஆடுகிறவர்கள் அவரைக் “கல்லு மூஞ்சி” என்பார்கள், அவர் முகத்தில் எதையும் படிக்க முடியாது என்பதால். அவர் தாயைக் கேட்டார், மாமாவைக் கேட்டார். என்னைக் கேட்கவில்லை. கடிதம் வந்த அன்று என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, “நீ போய்ப் படி கண்ணு” என்றார். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியவில்லை. எட்டு நாட்களாக என்னால் தூங்க முடியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

12. நான் எழுதியது போட்டிக்கு. பள்ளி எல்லாக் கடிதங்களையும் கட்டாகத் தங்களுக்கு அனுப்பியதும், சட்டம் வந்த பிறகு பெயரும் முகவரியும் இருந்தவை புகாராகப் பதிவானதும் தங்கள் இணையதளத்தைப் பார்த்த பிறகே தெரிந்தது. புகாரைத் திரும்பப் பெறும் விதியையும் அங்கே படித்தேன். புகார் கொடுத்தவரே எழுத்து மூலம் கேட்க வேண்டும், பதினெட்டு வயதுக்குக் கீழ் இருந்தால் தந்தையோ தாயோ கையொப்பமிட வேண்டும் என்று இருக்கிறது. என்னைத் தங்கள் பார்வையில் தாழ்த்தினாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தந்தையின் கையெழுத்தை நானே போட்டுவிடலாம் என்று இந்த எட்டு நாளில் பழைய காகிதங்களில் நிறைய முறை எழுதிப் பார்த்தேன். நேற்று ஒன்று அப்படியே அவருடையது போல வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டேன்.

13. ~~ஆகவே, பெற்றோர் கையொப்பம் இல்லாமலேயே இம்மனுவை ஏற்று, இதை யார் எழுதியது என்பதை என் தந்தைக்குத் தெரிவிக்காமல் இருக்குமாறு~~

மேலே உள்ள பத்தியை நானே அடித்துவிட்டேன். தாங்கள் யார் பெயரையும் சொல்லாமல் சான்று கொடுத்துவிட்டால் தந்தைக்கு வேலை கிடைக்கும். ஆனால் அவர் தாயையும் மாமாவையும் சந்தேகப்பட்டது அப்படியே இருக்கும். அது தங்கள் அலுவலகத்தில் தீர்க்கக்கூடியது அல்ல.

14. எனவே நான் கேட்டுக்கொள்வது இவ்வளவே. புகார் எண் 317-இல் தோல்வி என்று எழுதியது தவறு, கண்ணீர் என்று எழுதியது பொய் என்று பதிவு செய்து அதை நீக்க வேண்டும். காதொலிக் கருவி நிறுவனம் இந்த மாதம் முப்பதாம் தேதி வரைதான் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறது. அதற்குள் என் தந்தையின் விண்ணப்பத்தை மறுபடியும் எடுத்துப் பார்க்க வேண்டும். இதற்காக எனக்குத் தண்டனை ஏதாவது உண்டென்றால் ஏற்றுக்கொள்கிறேன். பள்ளியிலிருந்து வாங்கிய கடிகாரத்தை நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

இவ்வளவு நீளமான மனுவைப் பொறுமையாகப் படித்ததற்கு நன்றி ஐயா.

இடம்: வீடு
நாள்: 22, புதன்கிழமை. விடியப் போகிறது.

தவறை உணர்ந்து எழுதும்,
(கையொப்பம்)
மகள்

இணைப்பு: கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம். நூறு கோடுகள், அவற்றில் எழுபத்தெட்டு வட்டமிடப்பட்டவை.

பெற்றோர் கையொப்பம்:


குறிப்பு: தந்தை ஆறு மணிக்கு மேல் வேலையிலிருந்து வருவார். மனுவை அவர் மேசையில், விரித்தபடியே வைக்கப் போகிறேன். அவர் கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் இன்றே இதைத் தபாலில் சேர்ப்பேன். மேலே உள்ள இடம் காலியாக இருந்தால், கையெழுத்து மறந்துபோய்விட்டது என்று தாங்கள் எண்ண வேண்டாம். அவர் படித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.