வலப்பக்கத்துக் கரும்புள்ளி

மார்ச் 4, செவ்வாய்

எட்டு மாதமாக மல்லுக்கட்டிய புரோகிராம் இன்று சொன்ன பேச்சைக் கேட்டது. கதிர்வீச்சு மருந்தை ஊசியில் ஏற்றி எடுக்கும் மூளைப் படங்கள் எப்போதும் பஞ்சை உருட்டி வைத்ததுபோல் வரும். இப்போது இதில் போட்டால் மடிப்பு மடிப்பாகத் தெரிகின்றன. சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. செருப்போடு சோபாவிலேயே தூங்கிவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும் தையல்காரம்மாவின் படத்தைப் புது புரோகிராமில் போட்டோம். பதினொரு வருட வலிப்பு, எந்த மாத்திரைக்கும் மசியவில்லை. எந்த நேரத்தில் எங்கே விழுவாரோ என்று வீட்டில் தனியாக விடுவதில்லையாம். வலிப்பு கிளம்பும் இடம் படத்தில் இருண்டு தெரிய வேண்டும். பழைய படத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. இதில் வலது நெற்றிப்பொட்டுக்கு உள்ளே மிளகளவு கரும்புள்ளி!

அறுவைச் சிகிச்சை டாக்டர் முதுகில் தட்டினார். "இத்தனை நாள் எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்த?"

புதன்கிழமை ஆபரேஷன்.

மார்ச் 8, சனி

மனசு கேட்கவில்லை. ஏன் அவ்வளவு சரியான வட்டம்?

மார்ச் 10, திங்கள்

சோதனைக்கென்று இருக்கும் பிளாஸ்டிக் தலையில் மருந்து கலந்த தண்ணீரை நிரப்பி ஸ்கேன் எடுத்தேன். எங்கும் ஒரே நிறமாக வர வேண்டும். வலது பொட்டுக்கு உள்ளே அதே புள்ளி. தண்ணிக்கு வலிப்பு வருமா? வச்சது என் புரோகிராம்தான்.

மனைவிக்குப் போன் செய்தேன். "டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்றாள். இன்னும் இல்லை என்றேன். "அப்ப எனக்கு எதுக்குப் போன் பண்றீங்க?"

மார்ச் 11, செவ்வாய்

காலையில் முதல் வேலையாக டாக்டரிடம் சொன்னேன்.

"நாளைக்கு மண்டையத் திறக்கப் போறேன். இன்னிக்கு வந்து சொல்ற!"

"இன்னிக்காவது வந்தேனே சார்."

கதவைக் காட்டினார். ஆபரேஷன் ரத்து.

வார்டுக்கு நானே போனேன். தையல்காரம்மாவுக்கு ஏற்கெனவே தலையை மழித்துவிட்டிருந்தார்கள். "என் தப்புதாம்மா" என்றேன். அவர் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். "ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா முடியாவது தப்பிச்சிருக்கும் தம்பி."

மார்ச் 14, வெள்ளி

புரோகிராமை நிறுத்தச் சொல்லி உத்தரவு. விசாரணை வேறு.

ஏப்ரல் 2, புதன்

தையல்காரம்மாவின் தலையில் ஒயர்களை ஒட்டி ஆறு நாள் படுக்க வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மூன்று முறை வலிப்பு. மூன்றும் கிளம்பியது இடப்பக்கம்.

இடப்பக்கம்! நல்லா இருந்த பக்கத்தை வெட்டியிருப்பாங்களே — நான் காட்டின படத்தை நம்பி. பாத்ரூமில் போய் நின்னுக்கிட்டே அழுதேன்.

ஜூலை 18, வெள்ளி

புரோகிராமை முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்குப் படம் பாதிதான் தெளிகிறது. அதற்கு மேல் தெளிந்தால் பயமாக இருக்கிறது.

மத்தியானம் தையல்காரம்மா எட்டிப் பார்த்தார். இடப்பக்கம் ஆபரேஷன் ஆகிப் பத்து வாரம், வலிப்பு இல்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இப்பல்லாம் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக் குளிக்கிறேன் தம்பி" என்றார்.