வாடகைக் காரும் ஒரு ஜோடி மேட்டும்

பிப்ரவரி 8, ஞாயிறு

வரும் சனிக்கிழமைக்கு வண்டி பார்த்து வைக்கப் போனேன். கவரப்பேட்டையில் வாடகைக்குக் கார் விடும் ஆதிநாராயணன் சாவியைக் கொடுத்து, "வெள்ள வண்டி. நீயே தொறந்து பாரு நைனா" என்றார். நானும் ஒரு வெள்ளைக் காரின் கதவைப் பிடித்து இழுத்து, முழங்காலால் முட்டி, "பூட்டு இறுகிப் போச்சுங்க" என்று கத்தினேன். உள்ளே படுத்திருந்த ஆள் கண்ணாடியை இறக்கி, "இன்னா வோணும்?" என்றார். அது அவருடைய கார். கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் பத்து டன் தூக்கும் கிரேன் ஓட்டுகிறவன் நான். சொன்னால் யார் நம்புவார்கள்?

ஆதிநாராயணன் சிரித்து முடித்துவிட்டுப் பாடம் எடுத்தார். "எடுக்கச் சொல்லோ நாலு பக்கமும் வீடியோ புடிச்சுக்க. கீறல் யார்துன்னு அப்பால சண்ட வேணாம். ஸ்டெப்னில காத்து கீதான்னு பாரு. கருப்பு பிளேட்டு, மஞ்ச எழுத்து, அதான் நாமளே ஓட்டற வாடக வண்டி. வெள்ள பிளேட்ட எவன் குடுத்தாலும் வாங்காத. அடிபட்டா இன்சூரன்ஸ் பேஜாரு. உள்ள நீயா எதையும் வாங்கிப் போடாத. இருக்கறதே போதும்."

மறந்துவிடுவேன் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 11, புதன்

பயமாக இருக்கிறது. மகள் சோனியாவை வேப்பம்பட்டிலிருந்து தலைப் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. குலுங்காமல் கூட்டிப் போங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். டிரைவர் வைத்துக்கொள்ளலாம் என்றாள் மனைவி ஹெலன். "எம் பொண்ண நானே ஓட்டினு வர்றேன்" என்று போனில் மகளிடம் வீரம் பேசியாயிற்றே! லைசென்ஸ் வாங்கிப் பதினொரு வருடம். ஓட்டியது எத்தனை தடவை? அதைக் கேட்காதே.

பிப்ரவரி 13, வெள்ளி

வண்டி வாசலில் நிற்கிறது. சோனியாவுக்குக் கால் வீங்கியிருக்கிறதாம். பஜாரில் கார் சாமான் கடையில், காலடியில் போட பஞ்சு மாதிரி ஒரு மேட் வாங்கினேன். ஜோடியாகத்தான் தருவானாம். ஒன்றை எதற்கு வீணாக்குவது? ஓட்டுகிறவன் பக்கம், ஏற்கெனவே இருந்த ரப்பர் மேட்டின் மேலேயே விரித்துவிட்டேன்.

"மேல மேல போட்டா வழுக்காதா?" என்றாள் ஹெலன்.

"நீயா ஓட்டப் போற?" என்றேன்.

பிப்ரவரி 14, சனி



பெரியபாளையம் தாண்டி நன்றாகத்தான் வந்தேன். சோனியா முன் சீட்டில், ஹெலன் பின்னால். நெடுஞ்சாலையில் ஏறியதும் முன்னால் கம்பி ஏற்றிய டிரெய்லர். கம்பியெல்லாம் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. முனையில் சிவப்புத் துணி. அவன் வேகத்தைக் குறைத்தான். பிரேக்கை மிதித்தேன். பாதிதான் இறங்கியது. மறுபடி மிதித்தேன் — எறங்கல. எறங்கவே இல்ல. ஏசுவே, எறங்கலியே — துணி பெருசாயினே வருது —

ஹேண்ட் பிரேக்கைப் பிடுங்குகிற மாதிரி இழுத்தேன். வண்டி ஒருக்களித்து நின்றது. சிவப்புத் துணி பானெட்டைத் தொட்டுத் தொட்டு ஆடியது. கம்பி முனைக்கு நேராக சோனியா. இரண்டு கையும் வயிற்றில்.

"ஒண்ணுமில்லப்பா. உள்ள உதைக்குது" என்றாள்.

ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தேன். பஞ்சு மேட் நழுவிச் சுருண்டு, பிரேக்குக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்தது. ஜோடியையும் எடுத்து டிக்கியில் போட்டேன்.

"இன்னாங்க ஆச்சு?"

"பிரேக் கொஞ்சம் டைட்டு."

சாயந்திரம் டாக்டரம்மா பார்த்துவிட்டு, இதயத் துடிப்பு சரியாக இருக்கிறது என்றார். குழந்தையுடையது. என்னுடையதை யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டேன். ஆதிநாராயணன் டிக்கியைத் திறந்தார். "ஷோக்கா கீதே! இங்கியே கெடக்கட்டும் நைனா" என்று ஓட்டுகிறவன் பக்கம் விரிக்கப் போனார். நாளைக்கு வேறொருவன் தன் குடும்பத்தோடு இதில் போவான். பிடுங்கிக்கொண்டேன்.

"என்னுது. குடுக்க மாட்டேன்."

"அடப் பிசினாறி! ஒரு மேட்டுக்கா?"

பிசினாறியாகவே வீடு வந்து, ஜோடியையும் கத்திரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டினேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

கோயிலில் முழங்கால் போட்டேன். கண்ணை மூடினால் சிவப்புத் துணி.

மார்ச் 20, வெள்ளி

காலையில் நாஷ்டா சாப்பிடும்போது வலி எடுத்தது. நாள் நெருங்கியதால் இரண்டு நாளாக அதே வண்டி வாசலில் நின்றது. "ஆட்டோ வேணாம். அப்பாதான் ஓட்டணும்" என்றாள் சோனியா. ஏறுமுன் பெடலுக்கு அடியில் கைவிட்டுத் தடவினேன்.

"இன்னாப்பா தேடற?"

"செருப்பு."

"கால்லதானே கீது!" வலியிலும் சிரித்தாள். ஹெலன் சிரிக்கவில்லை, என்னையே பார்த்தாள்.

பெண் குழந்தை. மூன்று கிலோ.

பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சோனியா சொல்கிறாள்: "அன்னிக்கி எங்கப்பா மட்டும் வண்டிய நிறுத்தலன்னா நாங்க ரெண்டு பேரும் இல்ல." நான் பேத்தியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

அந்தக் கம்பிக்கு நேரா உன்னைக் கொண்டுபோனவனும் நான்தாம்மா.