உம்முடைய கல்வெட்டில் ஒரு வரி

இன்று மத்தியானம் பொலெந்தா என்ற சோளக்களி. மருத்துவமனைச் சமையலறையின் பெரிய கிடாரத்தில் சோளமா கொதித்துத் தடிக்கும்போது எழும் வாசம், தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்றது. ஆவிக்குள் நின்று கிண்டிக்கொண்டிருந்த ரோசா என்னைப் பார்த்துவிட்டு, பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் வலப்பக்கத்தைக் கண்ணால் காட்டினாள். அது நீர் நின்று வேலை செய்த இடம். இப்போது வேறொருவர் நிற்கிறார். நல்ல மனிதர், ஆனால் மாயா நாகரிகத்தைப் பற்றி ஒரு சொல் பேசமாட்டார். அதனால் வேலை நேரத்தோடு முடிந்துவிடுகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

நீர் கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்று உம்முடைய மகள் என்னைப் பார்க்க வந்தாள். அதைச் சொல்லத்தான் இந்த மடல். ஆனால் எதையும் நேராகச் சொன்னால் உமக்குப் பிடிக்காது; முதலில் இருந்து தொடங்கவேண்டும்.

ஓய்வறையில் யாரோ விட்டுப்போன பழைய சஞ்சிகையில்தான் உமக்கு அந்த மாயாப் பைத்தியம் பிடித்தது. காட்டு மரங்களுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நின்ற ஒரு கற்கோபுரத்தின் படம். மற்றவர்கள் கொழும்பில் வீட்டு விலை, பிள்ளைகளின் கலியாணம், வதிவிட அனுமதி என்று பேசிக்கொண்டிருக்க, நீர் சுவிஸின் பேர்ண் நகரத்தில் நின்றபடியே மெக்சிக்கோவிலும் குவாத்தமாலாவிலும் திரிந்தீர். முதலில் சோளம் என்பீர். சோளம் நன்றாக விளைந்த இடத்தில் ஊர், ஊர் பெருத்த இடத்தில் நகரம். பாரம் இழுக்க மாடும் இல்லை, வண்டியும் இல்லை, இரும்பும் இல்லை. ஆனாலும் வெள்ளிக் கோளின் போக்கைக் கணக்கிட்டார்கள், பூச்சியத்துக்குக் குறி வைத்திருந்தார்கள், மழைநீரைத் தேக்கி நகரங்களை வாழவைத்தார்கள். "முழுக்கத் தோளிலை சுமந்து கட்டினது காணும்," என்று சொல்லிக்கொண்டே நீர் என் கையில் ஒரு அடுக்குத் தட்டை ஏற்றிவைப்பீர்.

மெக்சிக்கோவில் இருந்த தெயோத்திவாக்கான் என்ற பெருநகரத்தின் கதையைச் சொன்ன நாளில் உம்முடைய முகம் கறுத்திருந்தது. அதன் நடுப்பகுதி எரிந்தது. பிறகு சனம் கலைந்தது. அதில் வாழ்ந்தவர்கள் அதை என்னவென்று அழைத்தார்கள் என்பது இன்றைக்கு ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. நாம் சொல்லும் பெயர், நூற்றாண்டுகள் கழித்து அந்த இடிபாட்டைப் பார்த்து வியந்த வேறு மக்கள் வைத்தது. அந்த மக்களும் ஏரிக்கு நடுவே தங்களுக்கென்று ஒரு தலைநகரம் கட்டினார்கள். அதையும் ஸ்பானியர்களும், அந்த நகரத்தை வெறுத்த அயலவர்களும், அம்மை நோயுமாகச் சேர்ந்து விழுத்தினார்கள். "பேர் வைச்சவனும் போனான், பேரும் போட்டுது," என்றீர். அன்று நீர் சாப்பிடவில்லை.

அந்த நாட்களில்தான் ரோசா வேலைக்கு வந்தாள். இடைவேளையில் தாயுடன் தொலைபேசியில் பேசுவாள். அது ஸ்பானியம் இல்லை என்று உமக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. கேட்டீர். குவாத்தமாலா மலைப்பக்கத்து மாயா மொழி ஒன்று என்றாள். நீரோ, நம்முடைய உடைந்த ஜேர்மனில், "உங்கட ஆக்கள் மறைஞ்சு போச்சினம் எண்டெல்லோ வாசிச்சனான்!" என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டீர். ரோசா அகப்பையோடு திரும்பி நின்றாள்.

"நான் மறைந்துபோனேனா? அப்படியென்றால் இந்தக் கிடாரத்தை யார் கழுவுவது? நீரா?"

சமையலறையே சிரித்தது. நீரும் சிரித்தீர். பிறகு அன்று கிடாரத்தை நீரே கழுவினீர்.

அதற்குப் பிறகு நீர் சொன்ன கதை மாறிவிட்டது. விழுந்தவை நகரங்கள், மக்கள் அல்ல என்று சொல்லத் தொடங்கினீர். மழை பொய்த்தது, அரசர்கள் தங்களுக்குள் ஓயாமல் அடிபட்டார்கள், சதுக்கங்களில் எழுத்துப் பொறித்த கல் நாட்டுவது நின்றது. சனம் விதைச் சோளத்தை எடுத்துக்கொண்டு வேறிடம் நடந்தது. ஒரே நாளில் இல்லை, தலைமுறை தலைமுறையாக. பிறகு ஸ்பானியப் பாதிரிமார் அவர்களின் ஏடுகளை எரித்தார்கள், அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்த கடைசி ஆளும் செத்துப்போனார். கல்லில் இருந்த எழுத்து வெறும் சித்திரமாகிவிட்டது. அதைத் திரும்ப வாசிக்க முடிந்ததற்கு ஒரு காரணம், அந்த மொழிகளைப் பேசுகிறவர்கள் அடுப்படிகளிலும் வயல்களிலும் இன்னும் இருந்ததுதான். கல்லில் இருந்த குறிக்கு அவர்களின் வாயில் இருந்த சொல் பொருந்தியது.

"எழுத்துச் செத்தாலும் பேச்சு இருக்கோணும் காணும். பேச்சு இருந்தா எழுத்தைத் திருப்பிப் பிடிக்கலாம்."

இதை நீர் யாரை நினைத்துச் சொன்னீர் என்று எனக்குத் தெரியும். உம்முடைய ஒரே மகள் பேர்ணில் பிறந்தவள், இங்கே ட்ராம் ஓட்டுகிறாள். யாழ்ப்பாணத்தில் பிறந்த பிள்ளை போலத் தமிழ் பேசுவாள். ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. தமிழ்ப் பாடசாலை சனிக்கிழமைகளில். தாய் இல்லாத பிள்ளை; சனிக்கிழமைகளில் உமக்கு வேலை, கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லை.

என்னுடைய மற்றத் தொழிலையும் நீர் சும்மா விடவில்லை. நம்மவர்களில் யாராவது இறந்தால், ஒரு மாதம் கழித்து அந்தியேட்டிக் கிரியையின்போது, அவருடைய வாழ்க்கையும் சில பாடல்களும் அச்சிட்ட சிறு புத்தகம் ஒன்றைச் சபைக்குக் கொடுப்போம். கல்வெட்டு என்பது அதற்குப் பெயர். இந்தப் பக்கத்தில் அதை எழுதுகிறவன் நான். என் பாடல்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. நீர் ஒருநாள் பழைய கல்வெட்டுகளை மேசையில் பரப்பிவைத்து, "எல்லாரும் வள்ளல், எல்லாரும் பண்பாளர். ஆர் செத்ததெண்டு படத்தைப் பாத்துத்தான் கண்டுபிடிக்கோணும்," என்றீர். மாயா அரசர்களும் இப்படித்தான் என்றீர். பிறந்தது, முடிசூடியது, எதிரியைப் பிடித்தது எல்லாம் கல்லில் இருக்கும். கிணறு வற்றியது இராது. நான் இரண்டு நாள் உம்மோடு பேசவில்லை.

பிறகு நீர் அதே மருத்துவமனையின் மேல்மாடியில் நோயாளியாகப் படுத்தீர். கீழே நாங்கள் அனுப்பிய தட்டு, உம்முடைய பெயர்ச் சீட்டோடு, தொடாமல் நகரும் பட்டியில் திரும்பி வரும். அதைக் கழுவுவதுதான் என் வாழ்க்கையில் செய்த ஆகக் கடினமான வேலை. ஒரு பின்னேரம் உம்மைப் பார்க்க வந்தபோது என் கையைப் பிடித்தீர்.

"என்ரை கல்வெட்டை நீர்தான் எழுதுவீர். ஒரு தோல்வியாவது எழுதும். பிள்ளைக்கு நான் எழுத்துக் காட்டேல்லை. அதை எழுதும்."

"அவளுக்கு வாசிக்கத் தெரியாதே காணும்."

"அதாலதான் எழுதச் சொல்லுறன்," என்றீர். எனக்கு அப்போது அது விளங்கவில்லை.

எழுதினேன். "ஒரே மகளுக்குத் தமிழ் எழுத்தைக் காட்டிக்கொடுக்காமல் போனவர், அது அவர் தோற்ற இடம்." அச்சுக்குப் போகுமுன் பார்த்த உம்முடைய தமையனார் சூரிச்சில் இருந்து தொலைபேசியில் கத்தினார். "சபையில வாசிக்கிற விசயமோ இது? குமர்ப்பிள்ளையின்ரை முகத்துக்கு முன்னாலை?" வரியை எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உமக்குக் கொடுத்த வாக்கு.

பேர்ணில் எல்லா மதத்தவரின் வழிபாட்டிடங்களும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் ஒரு கட்டடத்தில், நம்முடைய கோயில் மண்டபத்தில் அந்தியேட்டி. கிரியை முடிந்ததும் நான் எழுந்து வாசித்தேன். மகள் முன்வரிசையில் இருந்தாள். கனடாவில் உள்ள அத்தைக்கு அனுப்பவென்று கைத்தொலைபேசியில் என் குரலைப் பதிந்துகொண்டு, மடியில் கல்வெட்டை விரித்து, நான் வாசிக்க வாசிக்க வரிக்கு வரி விரலை வைத்துக்கொண்டு வந்தாள். அந்த இடம் வந்தது. அவளுடைய முகத்தைப் பார்த்தேன். என்னால் முடியவில்லை. அடுத்த வரிக்குத் தாண்டிவிட்டேன்.

"மாமா," என்றாள். மண்டபம் முழுக்கக் கேட்டது. "ஒரு வரியை விட்டிட்டியள்."

"என்ன பிள்ளை?"

"எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனா நீங்கள் மூச்சு எடுக்கிற இடத்திலை வரி முடியுது. இது நீள வரி, நீங்கள் இப்ப வாசிச்சது கட்டை. இந்த வரிக்கு நீங்கள் மூச்சே எடுக்கேல்லை."

தமையனார் தலையைக் குனிந்துகொண்டார். நான் அந்த வரியை வாசித்தேன். அவள் அழவில்லை. விரலை அந்த வரியிலேயே வைத்திருந்தாள், நான் முழுவதையும் வாசித்து முடித்து உட்காரும் வரைக்கும்.

இப்போதும் கல்வெட்டு எழுதுகிறேன். எழுதுமுன், "அவர் எதிலே தோத்தவர்?" என்று வீட்டாரிடம் கேட்கிறேன். பாதிப் பேர் கோபிக்கிறார்கள். மற்றவர்கள் சொல்கிறார்கள். அப்போதுதான் செத்தவர் யாரென்று எனக்குத் தெரியவருகிறது. உம்மிடம் இருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கேள்விதான்.

இன்று மகள் ட்ராம் சீருடையோடு வந்து, ஊழியர் சாப்பாட்டறையில் என் முன்னால் இருந்தாள். ரோசா அவளுக்கும் ஒரு தட்டுப் பொலெந்தா கொண்டுவந்து வைத்தாள். உம்முடைய ஆண்டுத் திவசத்துக்குக் கல்வெட்டை மறுபடி அச்சிடுவதைப் பற்றிக் கேட்கத்தான் அவளை வரச்சொல்லியிருந்தேன். ஆனால் அவள் பையில் இருந்து பழைய கல்வெட்டை எடுத்து, தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, முதல் பக்கத்தில் இருந்து வாசிக்கத் தொடங்கினாள். மெதுவாக, தடக்கித் தடக்கி, விரல் வைத்து. ஒருவரும் அவளுக்குப் படிப்பிக்கவில்லை. அன்றைக்குப் பதிந்த என் குரலைக் காதில் போட்டு, எந்தச் சத்தத்துக்கு எந்த எழுத்து என்று தானாகவே பிடித்திருக்கிறாள். ரோசாவுக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. ஆனாலும் நின்று கேட்டாள்.

அந்த வரி வந்தது. அதை மட்டும் தடக்காமல் வாசித்தாள்.

என் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்: "பிள்ளை, இந்த முறை அந்த வரியை எடுத்துவிடுவம். இப்ப அது உண்மையில்லை."

"வேண்டாம் மாமா," என்றாள். "நான் முதல்முதல் வாசிச்சது அந்த வரியைத்தான்."