ஆயிரம் நகல், ஒரே பகடை

மார்ச் 3, செவ்வாய்

முடியாது மேடம், அப்படி எண்ணிப் பாக்கவே முடியாது. இன்னிக்குப் பூரா இதத்தான் சொல்லிட்டிருந்தேன். எங்க முதலாளி துமுவேபாசே மேடத்துக்கு ஒரே கேள்வி: "கம்ப்யூட்டர்ல ஓடவிடு, எத்தன தொலையுதுன்னு எண்ணு. இதுல என்னப்பா கஷ்டம்?"

தொலைஞ்சாத்தானே எண்ணறதுக்கு!

ஜிஞ்சா ஊர்ப் பக்கம் மின்சாரக் கம்பி அறுந்து விழுந்தா, இந்த முனை சப்ஸ்டேஷன் அந்த முனைக்கு "கரண்ட்ட வெட்டு"ன்னு சேதி அனுப்பும். நடுவுல எங்க ஸ்விட்ச் பெட்டி. பெட்டிக்குள்ள சேதிங்க காத்திருக்கற க்யூ நெறஞ்சிருந்தா சேதி குப்பைக்குப் போயிரும். விழுந்த கம்பில கரண்ட் ஓடிட்டே இருக்கும், யாரு மிதிச்சாலும். லட்சம் கோடி சேதில ஒண்ணுக்கு மேல தொலையக் கூடாதுன்னு கரண்ட் கம்பெனி சொல்லிருச்சு. மாசக் கடைசிக்குள்ள நிரூபிக்கணும், இல்லன்னா ஆர்டர் வேற ஆளுக்கு.

நேரா ஓடவிட்டா ஒண்ணு தொலையறதப் பாக்கவே நாலு மாசம். நம்பற மாதிரி நூறு பாக்கணும்னா முப்பது வருஷம். அப்ப எனக்கு தலை நரைச்சிருக்கும்.

மார்ச் 5

காலேஜ பாதில விட்டவன் கைல இந்த வேலைய ஏன் குடுத்தீங்கன்னு மேடத்தக் கேட்டேன். "உனக்கு ஒரு இடத்துல உக்காரத் தெரியாது. அதான்"ன்னாங்க. திட்டா, பாராட்டா? எடுத்துக்கிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

பிடிச்சிட்டேன்! க்யூ நெறையறது ஒரே தாவுல நடக்காது, படிப்படியாத்தான் ஏறும். கால்வாசி ஏறின ஓட்டத்த அங்கயே நிறுத்தி ஆயிரம் நகல் எடு. ஆயிரத்தையும் ஓடவிடு. அதுல எது அரைவாசி ஏறுதோ அதுலருந்து மறுபடி ஆயிரம். இப்படியே மேல மேல. கடைசில ஒவ்வொரு படிலயும் ஆயிரத்துல எத்தன ஏறுச்சுங்கற பங்கையெல்லாம் பெருக்கு. முப்பது வருஷம் ஒரு மத்தியானத்துல முடிஞ்சிரும்.

இத முன்னாடியே யாரோ கண்டுபிடிச்சிருக்காங்களாம், பக்கத்து மேஜை லாமுனு சொன்னா. இருக்கட்டும். எனக்கு யாரும் சொல்லித் தரலயே.

மார்ச் 12

லட்சம் கோடில கால் கூட வரல! பாஸ்! திரும்பத் திரும்பப் பாத்தேன், நகலுக்கு நகல் வித்தியாசமே இல்ல, கோடு போட்ட மாதிரி ஒத்துப்போகுது. மேடம் உடனே கரண்ட் கம்பெனிக்கு போன் போட்டாங்க. ரோலெக்ஸ் வாங்கினேன் — வாட்ச் இல்ல, ரோட்டுக்கடை முட்டைச் சப்பாத்தி — மூணு முட்டை போட்டு சுத்தச் சொல்லி. லாமுனுவுக்கும் ஒண்ணு.

மார்ச் 13, வெள்ளி

லாமுனு — குலு ஊர்லருந்து வந்தவ, வாய் நீளம் — சாப்பிட்டுக்கிட்டே என் ரிசல்ட்டோட கோட்டுப் படத்தப் பாத்தா.

"டேய் முலோண்டோ, ஆஸ்பத்திரில ஆயிரம் குழந்தையும் ஒரே நொடில அழுது ஒரே நொடில நிறுத்தினா, ஆரோக்கியமான வார்டுன்னு கை தட்டுவியா?"

"பொறாமை."

"பொறாமைதான். ஒத்துப்போறத ரொம்ப ரசிக்காத, போய்ப் பாரு."

போய்ப் பாத்தேன்.

நிறுத்தின இடத்துல நிலைமைய முழுசா சேமிச்சு வச்சேன்ல — அடுத்து என்ன நடக்கும்னு கம்ப்யூட்டர் உருட்டற பகடையையும் சேத்துல்ல சேமிச்சு வச்சிருக்கேன்! ஒவ்வொரு நகலும் அதே பகடைய அதே வரிசைல உருட்டுது. ஆயிரம் பேரே இல்ல. ஒரே ஆளு ஆயிரம் தடவ. முட்டாப்பயலே, இதுக்கா ஆட்டம் போட்ட?

மேடம் போன் போட்டுட்டாங்களே. என்ன பண்றது?

மார்ச் 14

சொல்லிட்டேன். மேடம் போனக் கைல எடுத்தாங்க. அப்புறம், "அவங்களுக்கு நானே போன் போடறேன். நீ சரியான கணக்கக் கொண்டா. இந்தத் தடவ லாமுனு திட்டினதுக்கு அப்புறமா கொண்டா."

மார்ச் 17

நகலுக்கு நகல் வேற பகடை. இப்ப ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி செத்துப் பிழைக்குது. அழகு!

என் மேலயே நம்பிக்கை இல்ல. அதனால க்யூவ வேணும்னே சின்னதாக்கி, அடிக்கடி தொலையற மாதிரி செஞ்சு, நேரா ஓடவிட்டும் எண்ணினேன், நகல் வழிலயும் எண்ணினேன். ரெண்டும் ஒத்துச்சு. லாமுனு திட்டல. "ம்"ன்னா. அவகிட்டருந்து அது பெரிய வார்த்த.

அப்புறம் நிஜப் பெட்டி. லட்சம் கோடில எட்டு.

ஃபெயில்.

மார்ச் 19

ஒரு நாள் பூரா மொகத்த தூக்கி வச்சிருந்தேன். அப்புறம்தான் உறைச்சுது — முப்பது வருஷம் காத்திருந்தாலும் கிடைக்காத படம் என் கைல இருக்கு. தொலையற ஒவ்வொரு ஓட்டமும் எப்படித் தொலைஞ்சுதுன்னு முழுசா! வரிசையா பாத்தேன். பத்துல ஒம்போதுக்கு மேல ஒரே கதை: மழைல சேதி லைன் கொஞ்சம் விட்டு திரும்ப வரும்போது, ரெண்டு சப்ஸ்டேஷன் கேமராவும் தேக்கி வச்ச வீடியோவ நம்ம பெட்டில ஒண்ணா கொட்டுது. க்யூ நெறஞ்சு, நம்ம சேதி இடமில்லாம சாவுது.

சேதிக்கு தனி க்யூ குடுத்தேன். கேமராக்காரன் உள்ள வரவே கூடாது.

லட்சம் கோடில அரை. கூடக் கொறைய இருந்தாலும் ஒண்ணத் தொடல.

மார்ச் 27, வெள்ளி

கரண்ட் கம்பெனில வைஸ்வான்னு ஒரு இஞ்சினியர் ஐயா. எடுத்தவுடனே: "போன தடவ கால்னீங்க. இப்ப அரைங்கறீங்க. அடுத்த வாரம் என்ன, தம்பி?"

மேடம் வாயத் தொறந்தாங்க. நான் முந்திட்டேன். "கால் சொன்னது என் தப்பு ஐயா. ஆயிரம் நகலும் ஒரே பகடைய உருட்டிருச்சு. எப்படிக் கண்டுபிடிச்சோம்னு காட்டட்டுமா?"

காட்டினேன். மூணு தடவ குறுக்க கேட்டாரு, மூணுக்கும் பதில் இருந்துச்சு. சேதி சாகற படத்த மட்டும் ரெண்டு தடவ போடச் சொன்னாரு. "இருபது வருஷமா இந்த லைனப் பாக்கறேன். கேமரா மேல சந்தேகமே வரல"ன்னாரு.

வெளில வந்ததும் மேடம், "அடுத்த தடவ நான் பேசினப்புறம் பேசு." சிரிச்சுட்டேதான் சொன்னாங்க.

ஏப்ரல் 14

போன வாரம் கரண்ட் கம்பெனிலருந்து கடுதாசி. ஆர்டர் நமக்கு. கூடவே இன்னொண்ணு: மத்த லைன்ல இருக்கற வேற கம்பெனிக்காரங்க பெட்டிகளையும் முலோண்டோவே ஓட்டிப் பாக்கட்டுமாம். பேர் போட்டு! லாமுனு சத்தமா ரெண்டு தடவ படிச்சா, அவ பேரு இல்லன்னு என் தலைல ஒரு கொட்டு. அவ இல்லாம வரமாட்டேன்னு பதில் போட்டாச்சு. முதல் பெட்டிய இன்னிக்கு ஜிஞ்சால மாட்டறோம். லாரில ஏத்திட்டாங்க, அவ ஹார்ன விடாம அடிக்கறா, நான் போகணும்